நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலிக்கு விடாதீர்கள்
(கரும்பில் செவ்வழுகல் நோய் வராமல் காப்பது பற்றிய வானொலி வேளாண் உரை)



மூங்கில்துறைப்பட்டு என்றதும் தென்பெண்ணை ஆறும், ஆற்றை ஒட்டிய கரும்புக் கழனிகளும், கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலையின் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். அரவைக் காலம் வந்துவிட்டால் டிராக்டரும் மாட்டு வண்டியுமாகக் கரும்பு வரிசை கட்டி நிற்கும். இந்தப் பகுதியில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் சரி, பையனுக்குக் காலேஜ் பணம் கட்டுவதானாலும் சரி, "கரும்புப் பணம் வரட்டும்" என்றுதான் பேச்சு. பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்து எடுக்கிற பணம் அது. நடுவிலே ஒன்று ஆகிவிட்டால் நெல்லைப் போல இன்னொரு போகத்தில் சரிக்கட்டிவிட முடியாது. ஒரு வருஷம் போனது போனதுதான்.

அந்த ஒரு வருஷத்தையே வாரிக்கொண்டு போகக்கூடிய நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் செவ்வழுகல் நோய். இது வந்த பிறகு பயிரைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுப்பதற்குச் செய்ய வேண்டிய வேலைகளோ மிகச் சாதாரணமானவை. கண்ணும் கத்தியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். "நகத்தால் கிள்ளுவதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான பேச்சு கிடையாது. அதைப் பற்றித்தான் இன்று விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

நோய் எப்படி வருகிறது?

செவ்வழுகல் ஒரு பூசண நோய். கண்ணுக்குத் தெரியாத பூசணம் கரும்புத் தண்டின் உள்ளே புகுந்து, சாறு ஓடும் சதையைத் தின்று அழுக வைக்கிறது. இது ஒரு கழனியிலிருந்து இன்னொரு கழனிக்குப் போகிற முக்கியமான வழி எது தெரியுங்களா? காற்றும் இல்லை, பூச்சியும் இல்லை. நாமே நம் கையால் வெட்டி, நம் வண்டியில் ஏற்றி, நம் சாலில் ஊன்றுகிற விதைக் கரணைதான்.

நோயுள்ள கரும்பிலிருந்து வெட்டிய கரணை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பருவும் தெளிவாக இருக்கும். நட்டால் முளைக்கவும் செய்யும். பூசணம் உள்ளே சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். சில கரணை முளைக்காமலே அழுகிப் போகும். சில முளைத்து, குருத்து காய்ந்து போகும். மீதி உள்ளவை வளர்ந்து, ஆறு ஏழு மாதம் ஆகி, கணுவெல்லாம் திரண்டு நிற்கும்போது, மழையும் வந்து சேரும்போது, நோய் தன் முகத்தைக் காட்டும். அதற்குள் உரம் போட்டாயிற்று, களை எடுத்தாயிற்று, மண் அணைத்தாயிற்று, சோகை உரித்தாயிற்று. செலவெல்லாம் முடிந்த பிறகு வருகிற நஷ்டம் இது.

இரண்டாவது வழி மண். நோய் கண்ட கழனியில் விட்டுப்போன கட்டை, வேர், சோகை, துண்டுக் கரும்பு இவற்றில் பூசணம் சில மாதங்கள் உயிரோடு இருக்கும். அதே கழனியில் உடனே மறுபடியும் கரும்பு நட்டால் நோய்க்கு விருந்து வைத்த மாதிரிதான்.

மூன்றாவது வழி தண்ணீர். நோயுள்ள கழனியில் பாய்ந்து வெளியேறுகிற தண்ணீர், பூசண வித்துகளைச் சுமந்துகொண்டு அடுத்த கழனிக்குப் போகும். மழைச்சாரலும் தூருக்குத் தூர் பரப்பும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட வேண்டி வந்தது நமக்கெல்லாம் மறக்காது. தென்பெண்ணை கரை புரண்டு, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரக் கழனிகளை மூழ்கடித்தது. அப்படி வெள்ளம் போன நிலத்தில், யார் கழனித் தண்ணீர் யார் கழனிக்கு வந்தது என்று சொல்லவே முடியாது. ஆகவே வெள்ளமோ, நீண்ட நாள் நீர்த்தேக்கமோ கண்ட கழனியில் அடுத்த கரும்புக்கு முன்னால் இரட்டிப்புக் கவனம் தேவை.

பழைய கதை, புதிய பாடம்

இந்த நோய் இன்று நேற்று வந்ததல்ல. ஜாவாத் தீவில் 1893-ல் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். அதே காலத்தில் நம் சென்னை ராஜதானியில், கோதாவரிப் பாசனப் பகுதியில் கரும்பு அழுகி நாசமாகிக்கொண்டிருந்தது. அப்போது அரசாங்கத் தாவரவியல் அறிஞராக இருந்த சி.ஏ. பார்பர் என்பவர், அதற்குக் காரணம் இந்த நோய்தான் என்று 1901-ல் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1902-ல் சாமல்கோட்டில் ஒரு கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. 1906-ல் பட்லர் என்ற விஞ்ஞானி இதற்குச் செவ்வழுகல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

பிறகு 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது, அங்கே முதல் நிபுணராக வந்தவரும் அதே பார்பர்தான். அவரும், பின்னால் டி.எஸ். வெங்கட்ராமனும், சாறு மிகுந்த வெள்ளைக் கரும்பையும், யாரும் மதிக்காத காட்டு நாணல் இனத்தையும் சேர்த்து, கோ 205 என்ற இரகத்தை உண்டாக்கினார்கள். ஆற்றங்கரை நாணலுக்கு உள்ள முரட்டுத்தனமும் வலுவும் கரும்புக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் நடுகிற இரகங்களின் பூர்வீகத்தில் அந்த நாணலின் இரத்தம் ஓடுகிறது.

"அப்படின்னா நோய் தாங்குற இரகம் வந்தாச்சே, இன்னும் என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் பாடம் இருக்கிறது. பூசணமும் சும்மா இருப்பதில்லை. ஒரே இரகத்தை ஊர் முழுக்க, வருஷம் முழுக்க நட்டுக்கொண்டே இருந்தால், அந்த இரகத்தைத் தாக்கக்கூடிய புதிய வகைப் பூசணம் நாளடைவில் தலைதூக்கும். கோ 213 என்ற இரகம் 1930-களின் கடைசியில் பீகாரிலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் இப்படித்தான் விழுந்தது. நம் பக்கத்தில், கடலூரில் உருவான கோக 671 என்ற இரகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரைச் சத்தில் அதற்கு இணை கிடையாது. ஆலைக்காரர்களும் விரும்பினார்கள், விவசாயிகளும் விரும்பினார்கள். கடைசியில் அதையும் செவ்வழுகல்தான் கழனியிலிருந்து வெளியேற்றியது.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2009-ல் வடநாட்டுக்கு வெளியிடப்பட்ட கோ 0238 என்ற இரகம், விளைச்சலிலும் சர்க்கரையிலும் ஒரு அதிசயம் என்றே பேசப்பட்டது. உத்தரப்பிரதேசத்தில் கரும்புப் பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அந்த ஒரே இரகம்தான் என்ற நிலை வந்தது. இப்போது அங்கே செவ்வழுகல் புகுந்து, அந்த இரகத்தைக் கைவிட்டு வேறு இரகத்துக்கு மாறும்படி விவசாயிகளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2000-ல் வெளியான கோ 86032 வெகுகாலமாகப் பெரும்பரப்பில் நிற்கிறது. அதற்குத் தாய் கோ 62198, தகப்பன் நாம் மேலே சொன்ன கோக 671. நல்ல இரகந்தான். ஆனாலும் எந்த இரகத்தையும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இரகம் கொடுப்பது பாதிப் பாதுகாப்பு. மீதிப் பாதி நம் கையில்தான் இருக்கிறது.

நோயை அடையாளம் காண்பது எப்படி?

மழைக்காலம் தொடங்கியதும் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கழனிக்குள்ளே இறங்கி நடக்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் அறிகுறி இலையில். உச்சியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலை மஞ்சளாகி, ஓரம் காய ஆரம்பிக்கும். பிறகு கொண்டை முழுவதும் வாடி, அந்தக் கரும்பு காய்ந்து போகும். ஒரு தூரில் ஒன்றிரண்டு கரும்பு இப்படி இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, அந்தக் கரும்பை அடியோடு வெட்டி, கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே சதை சிவந்திருக்கும். அந்தச் சிவப்புக்குக் குறுக்கே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மூக்குக்கு அருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை அடிக்கும். சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது செவ்வழுகல்தான். இரண்டாவது கருத்தே வேண்டாம்.

சிவப்பாக இருப்பதெல்லாம் செவ்வழுகல் என்று பயந்துவிடவும் கூடாது. தண்டுப் புழு துளைத்த கரும்பில், புழு போன பாதையைச் சுற்றி மட்டும் சிவந்திருக்கும். அதில் குறுக்கே வெள்ளைத் திட்டு இராது. வாடல் நோயில் உள்ளே மங்கலான ஊதா கலந்த பழுப்பு நிறமும், தண்டுக்குள் தோணி போன்ற பொந்தும் காணும். சாராய வாடை வராது. நட்ட கரணை முளைக்காமல், உள்ளே சிவந்து பிறகு கறுத்து, அன்னாசிப் பழ வாசனை வந்தால் அது அன்னாசி நோய். அது வேறு. சந்தேகம் இருந்தால் பிளந்த கரும்பை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ஆலையின் கரும்பு அலுவலரிடமோ வேளாண்மை அலுவலரிடமோ காட்டுங்கள். போகிற வழியில் துண்டைக் கழனியிலும் வாய்க்காலிலும் போட்டுவிடாதீர்கள்.

நோய் கண்ட கரும்பில் எடை குறையும். பூசணம் சர்க்கரையைச் சிதைத்துவிடுவதால் ஆலையில் பிழிதிறன் குறையும். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே கதிதான். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு பதம் வராது, உருண்டை பிடித்தாலும் இளகிப் போகும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நடுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலைகள் இவை.

முதலாவது, விதைக் கரும்பைத் தேர்ந்தெடுப்பது. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஆலைக்கு வெட்டுகிற முற்றிய கரும்பிலேயே மேல்பகுதியை விதைக்கு எடுத்துக்கொள்கிறோம். அல்லது பக்கத்துக் கழனியில் மறுதாம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறோம். இந்த இரண்டும் ஆகாது. விதைக்கென்றே தனியாக நாற்றங்கால் வைத்து வளர்த்த, ஆறிலிருந்து எட்டு மாத வயதுள்ள நடவுப் பயிரிலிருந்துதான் கரணை எடுக்க வேண்டும். ஒரு ஏக்கர் நடவுக்கு ஏறத்தாழ பத்து சென்ட் நாற்றங்கால் இருந்தால் போதும். மேட்டுப்பாங்கான, தண்ணீர் தேங்காத, வீட்டுக்குப் பக்கத்தில் கண் பார்வையில் இருக்கிற மூலையை அதற்கு ஒதுக்குங்கள்.

அந்த நாற்றங்காலுக்கு வேண்டிய மூல விதையை ஆலை மூலமாகவோ, ஆராய்ச்சி நிலையத்தின் மூலமாகவோ கேட்டு வாங்குங்கள். அங்கே கரணையைக் காற்றோட்டமுள்ள நீராவியில் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்கும் முறை உண்டு. புல்தண்டு நோய், கரிப்பூட்டை நோய் போன்றவை இதனால் வெகுவாகக் கட்டுப்படும். ஆனால் ஏற்கனவே செவ்வழுகல் ஆழமாகப் புகுந்த கரணையை இந்தச் சூடு முழுக்கச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஆகவே நோயில்லாத கரும்பைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் படி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

இரண்டாவது, விதை வெட்டும் முன் கழனியைப் பார்ப்பது. விதை வாங்கப் போனால் விலை பேசுவதற்கு முன்னால் கழனிக்குள் இறங்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நடை நடந்து வாருங்கள். வாடின கரும்பு கண்ணில் பட்டால் வெட்டிப் பிளந்து பாருங்கள். ஒரே ஒரு தூரில் செவ்வழுகல் இருந்தாலும் அந்தக் கழனியில் விதை எடுக்கக் கூடாது. "அந்த மூலையை விட்டுட்டு இந்தப் பக்கம் வெட்டிக்கிறேன்" என்ற பேச்சு வேண்டாம். அந்த மூலையில் வெளியே தெரிந்தது, இந்தப் பக்கம் உள்ளே இருக்கலாம்.

மூன்றாவது, கரணையின் வெட்டு முகத்தைப் பார்ப்பது. இதற்குக் காலணா செலவில்லை. கரணை வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு முனையையும் பார்க்கத்தான் போகிறார். வெண்மையாக, சாறு கசிந்து, பளிச்சென்று இருந்தால் அது நல்ல கரணை. முனையில் சிவப்போ, பழுப்போ, நடுவில் பொந்தோ தெரிந்தால் அந்தக் கரணையை மட்டுமல்ல, அந்த முழுக் கரும்பையும் ஒதுக்கித் தனியாகப் போடுங்கள். வெட்டுகிற ஆட்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "எண்ணிக்கைக்குக் கூலி" என்று விட்டுவிட்டால், பாவம், அவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். அன்று ஒரு நாள் மட்டும் நாள் கூலிக்குப் பேசி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் கிருமிநாசினிக் கரைசல் வைத்து, அடிக்கடி கத்தியை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தி மூலம் பரவும் நோய்களும் கரும்பில் உண்டு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு பரு கரணை முப்பதாயிரம் தேவை. நூற்றுக்கு ஒன்று, ஒரே ஒரு கரணை, நோயுள்ளதாகப் போனாலும் ஒரு ஏக்கரில் முந்நூறு இடத்தில் நோயை நாமே நட்டதாக ஆகிறது. முந்நூறு இடத்தில் தீ வைத்துவிட்டு, மழைக்காலத்தில் தண்ணீர் குடத்தோடு ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவது?

நான்காவது, கரணை நேர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் வீதம் கார்பென்டாசிம் 50 சதத் தூளும், 10 கிராம் யூரியாவும் கலந்து, கரணைகளைக் கால் மணி நேரம் ஊறவிட்டு நட வேண்டும். 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக்கு 125 கிராம் மருந்து, இரண்டரை கிலோ யூரியா என்று கணக்கு. வெட்டு முகம் வழியாக மண்ணிலிருந்து பூசணம் ஏறுவதை இது தடுக்கும். முளைப்பும் ஒன்றுபோல வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மீந்த கரைசலை ஓடையிலோ, மாடு குடிக்கும் தொட்டிப் பக்கத்திலோ கொட்டாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மருந்துல நனைச்சாச்சு, இனி எந்தக் கரணையா இருந்தா என்ன" என்று சிலர் நினைக்கிறார்கள். மருந்து கரணையின் மேலேதான் நன்றாக வேலை செய்யும். உள்ளே ஆழமாகப் போன பூசணத்தை எட்டாது. நோயுள்ள கரணைக்கு நேர்த்தி செய்வது, ஓட்டைப் பானையை வெளியே கழுவி வைக்கிற மாதிரி.

இன்று பல இடங்களில் ஒற்றைப் பரு நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து நடுகிறார்கள். ஐந்து அடிக்கு இரண்டு அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,400 நாற்று போதும். விதைக் கரும்பு வெகுவாகக் குறைவதால், நல்ல விதையாகப் பொறுக்கி எடுப்பது சுலபம். ஒவ்வொரு பருவையும் கண்ணால் பார்த்து வைக்கலாம். வாடின நாற்றை அங்கேயே கழித்துவிடலாம். ஆனால் நாற்றங்கால்காரர் எந்தக் கழனிக் கரும்பில் பரு எடுத்தார் என்று கேட்டு வாங்குங்கள். தட்டில் பச்சையாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஐந்தாவது, இரகத்தைப் பிரித்து நடுவது. நாலு ஏக்கர் கரும்பு வைக்கிறவர் நாலிலும் ஒரே இரகத்தை வைக்காமல், ஆலை சிபாரிசு செய்கிற இரண்டு இரகங்களைப் பிரித்து வையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

கழனியில் நோய் கண்டுவிட்டால்?

எல்லாம் செய்தும் நாலு தூரில் நோய் கண்டால் என்ன செய்வது? அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. நாலு தூராக இருக்கும்போதே கை வைக்க வேண்டும்.

நோயுற்ற தூரை வேரோடு தோண்டி எடுங்கள். கரும்பை மட்டும் வெட்டிவிட்டுக் கட்டையை விட்டால் பயனில்லை. தோண்டியதைக் கழனி வழியே இழுத்துக்கொண்டு போகாமல், சாக்கில் போட்டு வெளியே கொண்டுவந்து எரித்துவிடுங்கள். தூர் இருந்த குழியில் லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டாசிம் கலந்த தண்ணீரை நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்ன அணை கட்டி, தண்ணீர் அங்கிருந்து மற்ற சால்களுக்குப் போகாமல் மறித்துவிடுங்கள். பாசனம் கட்டும்போது நல்ல பகுதிக்கு முதலில், நோய் கண்ட பகுதிக்குக் கடைசியில். வடிகிற தண்ணீரைப் பக்கத்துக் கழனிக்கு விடாதீர்கள்.

நோய் பரவலாக இருந்தால் ஆலையில் சொல்லி, முன்னதாகவே வெட்டு உத்தரவு கேட்டு வெட்டிவிடுவது புத்திசாலித்தனம். காய்ந்து எடையிழக்கும் வரை வைத்திருப்பதால் யாருக்கும் இலாபமில்லை. வெட்டிய பிறகு அந்தக் கழனியில் மறுதாம்பு விடவே கூடாது. "நடவுச் செலவு மிச்சமாகுதே" என்று ஆசை வரும். அந்த மிச்சம் அடுத்த வருஷம் முழு நஷ்டமாக வந்து நிற்கும். கட்டையைத் தோண்டி எடுத்து, சோகையோடு சேர்த்து எரித்துவிடுங்கள். சாதாரணமாகச் சோகையை எரிக்க வேண்டாம், மண்ணில் மட்க விடுங்கள் என்று சொல்கிற நாங்களே, இந்த ஒரு நோய் கண்ட கழனிக்கு மட்டும் எரிக்கச் சொல்கிறோம். பிறகு தண்ணீர் வசதி இருந்தால் சேறடித்து ஒரு போகம் நெல் வையுங்கள். அதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண்ணும் தேறும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்கிற காலத்தில் பழைய கட்டையெல்லாம் மட்கி, பூசணத்துக்கு இருக்க இடமில்லாமல் போகும். அதன் பிறகு நோய் தாங்கும் வேறு இரகமாக, புதிய விதையாகக் கரும்பு வைக்கலாம்.

மறைத்தால் ஊருக்கே கேடு

விவசாயப் பெருமக்களே, இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். கழனியில் செவ்வழுகல் வந்தால் சிலர் வெளியே சொல்லுவதில்லை. ஆலைக்குத் தெரிந்தால் பெயர் கெட்டுவிடுமோ, கரும்பு எடுக்க மாட்டார்களோ என்று ஒரு பயம். அதைவிடக் கெடுதல், அந்தக் கழனிக் கரும்பையே "விதைக்கு நல்ல கரும்பு" என்று வெளியூருக்கு விற்றுவிடுவது. அன்றைக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் அந்த விதை போன இடத்தில் எத்தனை குடும்பத்துப் பன்னிரண்டு மாத உழைப்பு போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நோய் இரண்டு வருஷத்தில் வாய்க்கால் வழியாகத் திரும்பி நம் வாசலுக்கே வரும். நோய் வந்தது குற்றமல்ல, வெட்கமும் அல்ல. சொன்னால் பக்கத்துக் கழனிக்காரர் தன் மடையை அடைத்துக்கொள்வார், விதை எடுக்க மாட்டார், ஆலையும் அந்தப் பகுதிக்கு வேறு விதை ஏற்பாடு செய்ய முடியும். மறைத்தால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐப்பசி முதல் தை வரை, மாதம் ஒரு நாள், எல்லோருமாக எல்லோர் கழனியையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது. யார் கழனியில் கண்டாலும் அன்றே எல்லோரும் சேர்ந்து தூரைத் தோண்டிவிடுவது. ஒரு பகல் வேலை. அதில் ஊரே தப்பிக்கும்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி வைக்கிற அன்பர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பயிரில் இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருகிறதே, அந்தத் தேமல் நோயும் வெள்ளை ஈயால் பரவுவதோடு, நாம் வெட்டி நடுகிற குச்சியோடுதான் கழனிக்குக் கழனி போகிறது. தேமல் இல்லாத செடியைப் பயிர் நிற்கும்போதே பார்த்து, ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து, அறுவடையின்போது அதிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். இலை உதிர்ந்த பிறகு எது நல்ல செடி, எது நோய்ச் செடி என்று யாராலும் சொல்ல முடியாது. விதையாகத் தண்டை நடுகிற எந்தப் பயிருக்கும் இதுவே விதி. தாய்க்கு உள்ளது பிள்ளைக்கு வரும்.

சுருக்கமாக

இன்று சொன்னவற்றை மறுபடியும் ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கென்று பத்து சென்ட் தனி நாற்றங்கால். ஆறு முதல் எட்டு மாதக் கரும்பு. மறுதாம்பில் விதை எடுக்காமை. விதை வெட்டுமுன் கழனிக்குள் ஒரு நடை. கரணையின் இரண்டு முனையிலும் ஒரு பார்வை. கால் மணி நேரக் கரணை நேர்த்தி. ஒன்றுக்கு இரண்டு இரகம். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சோதனை. நோய் கண்ட தூரை அன்றே தோண்டி எரிப்பது. நோய் கண்ட கழனியில் மறுதாம்பு விடாமல் நெல்லுக்கு மாறுவது. மறைக்காமல் பக்கத்தவருக்கும் ஆலைக்கும் சொல்வது.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு மூன்று நாள் கூலியும், ஒரு பொட்டலம் மருந்தும்தான். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மார்கழியில் காய்ந்து நிற்கிற கரும்பைப் பார்த்துக் கையைப் பிசைவதில் பயனில்லை. அப்போது மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும், எவ்வளவு விலை சொன்னாலும், அந்தக் கரும்பு திரும்பிப் பச்சையாகாது.

இந்தப் பட்டத்துக்கு நடவு வைத்திருக்கிறவர்கள் இன்றே விதைக் கழனியைப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு போங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி ஆலைக் கரும்பு அலுவலரையோ, வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.